தரை டிக்கெட்

"கொட்டாய்க்குப் போறோம்" என்று சொன்னால் அது மாட்டுக் கொட்டாய் அல்ல, சினிமாக் கொட்டாய் என்று ஊருக்கே புரிந்த காலம் ஒன்று இருந்தது. ஆவணங்களில் அதன் பெயர் டூரிங் டாக்கீஸ். மக்கள் வாயில் டெண்ட்டு கொட்டாய்.

கதை பேசாப் படக் காலத்திலேயே தொடங்குகிறது. ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிக்கு வந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் 1905-ல் ஒரு புரொஜெக்டரை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரையே கட்டிவிட்டார். (கோவையில் வெரைட்டி ஹால் ரோடு என்று ஒரு சாலை இருப்பது இதனால்தான்.) வின்சென்ட் கூடாரத்தை விட்டாலும் கூடாரம் ஊர்களை விடவில்லை. கல் கட்டடம் கட்டினால் போட்ட முதல் திரும்பாத ஊர்கள்தானே அதிகம்? அங்கே கூடாரமும் கீற்றுக் கூரையும்தான் கட்டுப்படியானது.

வியாபாரக் கணக்கும் சுவாரசியமானது. படம் முதலில் பெரிய நகரங்களில் ஓடி, பிறகு மாவட்டத் தலைநகர், சின்ன டவுன் என்று இறங்கி, கடைசியில்தான் கொட்டாய்க்கு வரும். அதற்குள் பிரிண்ட் முழுக்கக் கீறல் விழுந்து, பாலைவனக் காட்சியில்கூட மழை பெய்யும் :-) புதுப் படத்துக்கு வசூலில் பங்கு தர வேண்டும், பழைய படத்துக்கு நிலையான வாடகை போதும். அதனால் பழைய எம்.ஜி.ஆர். படம்தான் கொட்டாய்க்காரருக்கு வைப்பு நிதி மாதிரி. எப்போது போட்டாலும் கூட்டம் வரும்.

பகலில் வெளிச்சம் உள்ளே வருமென்பதால் மாலையும் இரவும்தான் காட்சி. உச்சியில் கட்டிய ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வயல் வேலை முடித்தவர்கள் அதைக் கேட்டுத்தான் குளித்துக் கிளம்புவார்கள். பல கொட்டாய்களில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும், ஆகவே ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு, கடலை, கோலி சோடா விற்றவர்களின் வரவு இந்தத் தொழில்நுட்பக் குறைபாட்டில்தான் இருந்தது!

சரி, விஷயத்துக்கு வருவோம். உள்ளே தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்புகள். தரை என்றால் நிஜமாகவே மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் அதைவிடப் பெரிய மேடு கட்டுவார். சண்டை வரும், படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த உட்காரும் ஒழுங்கைப் பற்றி ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் ஒரு முக்கியமான கருத்தை எழுதினார். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகைதான். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கும் சக்தி என்பது அதன் சாரம். கோயிலில் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், டீக்கடையில் தனித் தம்ளர் வைத்திருந்த கிராமங்களில், இது சின்ன விஷயமா?

ஆனால் இதைப் புரட்சி என்று கொண்டாடுவதும் அதிகம். பிறப்பு போன இடத்தில் காசு வந்து உட்கார்ந்தது. பெஞ்சுக்குக் காசில்லாதவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பழைய வரிசையேதான் திரும்பி வரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வேறு. இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பிறப்பை மாற்ற முடியாது. அறுவடைக் கூலி கையில் வந்த வாரத்தில் பெஞ்சு டிக்கெட் வாங்க முடியும். அதைத் தடுக்கக் கொட்டாய்க்காரருக்கு லாபமில்லை.

சட்டம் இந்தக் கொட்டாய்களைத் தற்காலிகமாகவே பார்த்தது. 1955-ன் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-ன் விதிகளும் டூரிங் சினிமாவுக்கென்று தனி உரிமம் வைத்தன. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கொட்டகையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 1979-ல் தூத்துக்குடி காட்டியது. அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். மலிவான டிக்கெட்டுக்குப் பின்னால் இந்த விலையும் இருந்தது. நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி, பிறகு வாடகை டெக், 1993-ல் சன் டிவி, தெருத் தெருவாகக் கேபிள். பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது, மிச்சமிருந்த கொட்டாய்களுக்குப் புதுக் கருவி வாங்க முதல் இல்லை. இடங்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் வீட்டு மனையாகவும் மாறின.

தரை டிக்கெட் மட்டும் வேறு ரூபத்தில் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. சென்னை மல்டிப்ளெக்ஸ்களில் திரைக்கு மிக அருகே உள்ள வரிசைகளுக்கு 2010-களிலும் பத்து ரூபாய் டிக்கெட் கொடுத்தார்கள். அது எப்போது, எந்தக் கவுன்ட்டரில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள்தான் சீக்கிரமே வந்து வரிசையில் நின்றார்கள்.