ஊஷியில் இரண்டு நாள்

1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை கக்கிய சாம்பலும் வாயுவும் மறு ஆண்டு ஐரோப்பாவின் கோடையைப் பறித்துக்கொண்ட கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். வெயில் காய வேண்டிய ஜூனில் மழையும் குளிருமாக இருந்த 1816-இல், ஜெனீவா ஏரியில் ஒரு படகு பாய் விரித்துப் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் ஆங்கிலக் கவிஞர்களான 28 வயது பைரனும் 23 வயது ஷெல்லியும். படகு அவர்களே சேர்ந்து வாங்கியது. பைரனின் மருத்துவர் போலிடோரி கணுக்கால் சுளுக்கிக் கரையிலேயே தங்கிவிட்டார்.

ஜெனீவா ஏரியைக் குளம் குட்டை போல நினைத்துவிடக் கூடாது. 70 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆழம் 310 மீட்டர். ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே திடீரென்று காற்று இறங்கினால் கடலைப் போலக் கொந்தளிக்கும்.

தென்கரை வழியாக எவியானைக் கடந்து மெய்யெரியில் இறங்கினார்கள். ரூசோ தம் ‘ஜூலி’ நாவலின் காதலர்களை உலவவிட்ட ஊர் அது. ஷெல்லி அந்த நாவலைப் படித்துக்கொண்டேதான் வந்தார். அங்கே உண்ட தேனைப் போல வேறெங்கும் உண்டதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதும் காற்று வலுத்தது. பாயைத் தளர்த்த வேண்டிய நேரத்தில் படகோட்டி ஒருவர் அதை விடாமல் பிடித்துக்கொள்ள, படகு கவிழப் பார்த்தது. சுக்கான் உடைந்தது. அலைகள் உள்ளே விழுந்தன.

பைரன் மேல்சட்டையைக் கழற்றினார். 1810-இல் டார்டனெல்ஸ் நீரிணையையே நீந்திக் கடந்தவர் அவர். ஷெல்லிக்கோ நீச்சல் தெரியாது. அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தம்மைக் காப்பாற்றப்போய் நண்பர் உயிரைப் பணயம் வைப்பாரே என்ற கூச்சம்தான் சாவைவிட அதிகமாக வருத்தியதாம். எனக்கு ஷெல்லியின் கவிதைகளைவிட இந்த ஒரு வாக்குமூலம் அவரை நெருக்கமாக்குகிறது. எப்படியோ சான் ஜிங்கோல் கரையில் ஒதுங்கினார்கள். அதன் பிறகும் அவர் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. 1822-இல் இத்தாலியக் கடலில் படகோடு மூழ்கினார்.

அடுத்து ஷியோன் கோட்டை. சவாய் பிரபுவை எதிர்த்த ஜெனீவாக்காரர் பொனிவாரை அதன் நிலவறையில் நான்கு ஆண்டுகள் தூணோடு பிணைத்து வைத்திருந்தார்கள். 1536-இல் பெர்ன் படை வந்துதான் மீட்டது. தூண்களையும் இரும்பு வளையங்களையும் இருவரும் பார்த்தார்கள்.

பிறகு வடகரையில் லோசான் நகரின் துறைமுகமான ஊஷி. அன்று அது சின்னஞ்சிறு மீனவ ஊர். மழை விடவில்லை. படகை எடுக்க முடியாமல் இரண்டு நாள் விடுதியில் முடங்கினார்கள். அந்த முடக்கத்தில் பைரன் எழுதியதுதான் ‘ஷியோனின் கைதி’. பொனிவாரின் வரலாறு அப்போது தமக்குச் சரியாகத் தெரியாது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். கவிதையில் வரும் சகோதரர்கள் கற்பனை. ஆனால் அந்த நிலவறையின் ஈரம் கற்பனையல்ல. வானம் வெளுத்திருந்தால் நேராக வீடு திரும்பியிருப்பார்கள்; இந்தக் கவிதையில் தம்போராவுக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

மழைக்கிடையே லோசானில் கிப்பன் வாழ்ந்த வீட்டுக்கும் போனார்கள். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய பெருநூலை அவர் எழுதி முடித்தது அங்கேதான், 1787 ஜூன் 27 இரவில். பைரன் அந்தத் தோட்டத்து அகாசியாக் கொத்தைப் பறித்துத் தம் பதிப்பாளர் மர்ரேக்கு அனுப்பினார். கடிதத்தின் தேதியும் ஜூன் 27. ஷெல்லி ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. கிப்பனுக்கு மரியாதை செய்தால் அவரைவிடப் பெரியவரான ரூசோவுக்கு அவமதிப்பாகும் என்று நினைத்தார்.

இந்தப் பயணத்தில் ஷெல்லியின் துணைவி மேரி இல்லை. ஜெனீவாக் கரை வீட்டில் அவர் வேறொரு கதையைத் தொடங்கியிருந்தார். 1818-இல் அது ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆக வெளிவந்தபோது, அதன் மணமக்கள் திருமண நாளன்று இதே ஏரியில் படகேறி எவியானில் இறங்கினார்கள். அங்கே காத்திருந்த கொலையைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)