கூரையும் சட்டமும்

சென்னைப் பட்டணத்துப் பழைய வீடுகளில், அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலிலும், விசிறி சுழலாத கூடத்தில் மனிதர் படுத்துச் சற்றே கண்ணயர முடிந்தது என்றால், அதற்கு முற்றத்துக் காற்றும் உயர்ந்த சுவர்களும் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம், 'மெட்ராஸ் டெரஸ்' என்று இன்றும் பொறியியல் நூல்களில் நம் நகரத்தின் பெயராலேயே வழங்கும் அந்தத் தளமும் ஆகும்.

அதை அமைத்த முறை வியக்கத்தக்கது. தேக்குக் கட்டைகளை நெருங்கிய இடைவெளியில் பரப்பி, அவற்றின் மேல், ஓர் அங்குலமே கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கிக் குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே தாங்குவதற்குப் பலகையோ முட்டோ கிடையாது. முந்தின கல்லின் பிடிப்பே அடுத்த கல்லுக்கு ஆதாரம். அது இறுகிய பின், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, நம் கொத்தனார்கள் சுருக்கி என்று சொல்லும் கலவையை மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டின் தாளத்திற்கு இசைய, நாட்கணக்கில் மரக்கட்டைகளால் தட்டி இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு பதித்துச் சந்துகளை அடைத்துவிட்டால், மழையும் இறங்காது, வெயிலின் உக்கிரமும் உடனே இறங்காது. சேப்பாக்கத்தில் நவாப் வாலாஜா 1768இல் எழுப்பிய மாளிகையின் ஒரு பகுதியாகிய கலசமகால் 2012இல் தீக்கிரையான பிறகு, அதைப் புதுப்பித்த பொதுப்பணித் துறையினர் இந்தச் சுண்ணாம்புத் தொழிலையே மீண்டும் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

இந்தத் தொழில் ஏன் க்ஷீணித்தது என்பதற்கு விரிவான விசாரணை தேவையில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா ஜப்பானியர் வசமாகவே அந்நாட்டுத் தேக்கின் வரத்து அறுபட்டது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் எங்கும் கிடைக்கலாயின. மாதக்கணக்கில் செய்த வேலை வாரக்கணக்கில் முடிந்தது. நாலைந்து அங்குலக் கான்கிரீட் பலகை வீட்டின் தலையாயிற்று. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதைக் கீழே படுத்திருப்பவர் மேல் உமிழ்வது அதன் சுபாவம். அந்தப் பலகையின் மேலும் கொத்தனார்கள் சுருக்கியும் தட்டோடும் போட்டு வந்தார்கள் என்பது அவர்களுடைய தொழில் ஞானத்திற்குச் சாட்சி. எந்தச் சட்டமும் அதை அவர்களிடம் வற்புறுத்தவில்லை. செலவைக் குறைக்க விரும்பியவர்கள் அதையும் விட்டுவிட்டார்கள்.

சட்டத்துக்குக் கூரையைப் பற்றி அக்கறையே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. 1919ஆம் ஆண்டின் சென்னை நகர முனிசிபல் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும், எளிதில் தீப்பற்றும் பொருள்களால் வெளிக்கூரை வேய்வதை அனுமதியின்றிச் செய்யலாகாதென்று விதித்தன. நெருக்கமான தெருக்களில் ஒரு குடிசையில் பற்றிய தீ நூறு குடிசைகளைத் தின்றுவிடும் என்னும் அநுபவத்திலிருந்து பிறந்த விதி அது, நியாயமான விதியுங்கூட. ஆனால் நம் பிரதேசத்தின் உஷ்ணத்திற்கு ஓலையைப் போல இதமான கூரை வேறில்லை என்பதையும், அதை விலக்கிய சட்டம் அதற்கு ஈடாக வேறொன்றைக் காட்டவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. குடிசையில் வாழ்ந்த மனிதர் ஓலைக்குப் பதிலாகத் தகரத்தையும் கல்நார்த் தகட்டையும் போட்டுக்கொண்டு வெந்தார்.

தீக்கு அடுத்தபடியாகச் சட்டத்தின் கவனத்தைக் கூரை பெற்றது தண்ணீரின் பொருட்டு. 2003இல், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அவசரச் சட்டம் பிறப்பித்துக் கெடுவும் விதித்தபோது, புதுக் கட்டடம் பழைய கட்டடம் என்ற பேதமில்லாமல் மொட்டை மாடிக் குழாய்கள் மண்ணை நோக்கித் திரும்பின. குறைகள் இருந்தன, ஆயினும் ஒரு விதி எளியதாகவும் எல்லோருக்கும் பொதுவாகவும் இருந்தால் ஜனங்கள் அதை ஏற்றுச் செய்வார்கள் என்பதை அந்த வருஷம் நமக்குக் காட்டியது.

வெயிலுக்கான விதியோ மிகவும் பிற்பட்டு, அதுவும் படிப்படியாகத் தயங்கித் தயங்கி வந்தது. 2001இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2007இல் வெளியான கட்டடச் சட்டத் தொகுப்பு பெரிய வணிகக் கட்டடங்களை மட்டுமே கருதியது. குடியிருப்புகளுக்கென்று 'எகோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது 2018இல்தான். கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்திற்கும், 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என்பது அதன் நிபந்தனை. வெறும் கான்கிரீட் பலகையைக் கணக்கிட்டால் இந்த எண் மூன்றரைக்கும் மேலே போகிறது. சுருக்கியும் தட்டோடும் சேர்த்தால் சுமார் இரண்டரைக்கு இறங்குகிறது. மெட்ராஸ் டெரஸும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே பழைய முறைக்குத் திரும்பிவிட்டாலே போதும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இடம் தராது. அக்காலத்து வீடுகளின் குளிர்ச்சியில் ஒரு பெரும் பங்கு உயரத்துக்கும் முற்றத்துக்கும் உரியது, அவற்றை இன்றைய ஒன்பது பத்தடி அறை இழந்துவிட்டது.

ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் சொல்லுகிறது. கான்கிரீட்டுக்கும் சுருக்கிக்கும் நடுவே, வெப்பம் கடத்தாத நுரைப்பலகையை ஓர் அங்குலக் கனத்திற்கு வைத்துவிட்டால், அந்த எண் ஒன்றுக்கும் கீழே சரிகிறது, விதி நிறைவேறிவிடுகிறது. கொத்தனாருக்குத் தெரிந்த தொழிலின் மேல் ஓர் அடுக்கு கூடுகிறது, அவ்வளவுதான். இத்தனை சுலபமான காரியத்தை, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்றே சம்ஹிதா வகுத்திருப்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்கும் அதிகம். அரைக் கிரவுண்டிலும் கால் கிரவுண்டிலும் கட்டிக்கொண்டு மாடி வீட்டின் கீழறையில் அல்ல, மாடியறையிலேயே வேகும் குடும்பங்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குடியிருப்புகளையும் தன் வட்டத்துக்குள் சேர்த்திருப்பது நல்ல ஆரம்பம். என்றாலும் அதன் அளவுகோல் மின்பளு. சிறு வீட்டின் மின்பளுவோ அது விதித்த எல்லையை எட்டுவதே இல்லை.

மாநிலங்கள் தத்தம் சீதோஷ்ணத்திற்கேற்ப எல்லையைக் குறைத்துக்கொள்ள அச்சட்டம் இடங்கொடுக்கிறது. நம் ராஜ்யம் அந்த உரிமையைச் சிறு மனைகள் வரை நீட்டுமானால், வரைபடத்திற்கு அனுமதி தரும் உள்ளாட்சியின் அதிகாரி, சுருக்கி கொட்டுவதற்கு முன்னால் ஒருமுறை மாடி ஏறி வந்து, அந்த ஓர் அங்குலப் பலகை இடைவெளியின்றிப் பரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்படி விதி செய்தாக வேண்டும். தட்டோடு பதித்த பிறகு அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல ஒருவராலும் இயலாது.