திருப்தியே கிடையாது!

ஒரு கேள்வி. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை உலகிலேயே முதன்முதலில் தாண்டிய கார் எதில் ஓடியது? பெட்ரோல் என்று சொன்னால் மார்க் கிடையாது. டீசலா? ம்ஹூம். பேட்டரி!

நம்ப முடியவில்லை, இல்லையா? 1899, ஏப்ரல் 29. பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேர் என்று ஓர் இடம். காமில் ஜெனாட்ஸி என்கிற பெல்ஜியத்துக்காரர் வண்டியோடு வந்து நின்றார். செந்தாடி வைத்திருந்ததால் 'சிவப்புப் பிசாசு' என்று பட்டப்பெயர். வண்டி, டார்பிடோ குண்டுக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி இருந்தது. அதற்கு வைத்த பெயர், 'லா ஜமே கோந்தாந்த்'. ஒருநாளும் திருப்தியடையாதவள் என்று அர்த்தம்.

பொருத்தமான பெயர்தான். நான்கு மாதம் முன்னால் ஷாஸ்லூ-லோபா என்கிற பிரபு 63 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்திருந்தார். ஜெனாட்ஸிக்குப் பொறுக்கவில்லை. ஜனவரியில் 66 தொட்டார். அதே நாளில் பிரபு 70. பத்து நாள் கழித்து ஜெனாட்ஸி 80. மார்ச்சில் பிரபு 92. இரண்டு பேர் ஓட்டியதும் எலெக்ட்ரிக் கார்தான். கடைசியில் ஜெனாட்ஸி 105.88 கிலோமீட்டரில் கணக்கை முடித்தார்.

அப்புறம் பெட்ரோல் ஜெயித்த கதை உங்களுக்கே தெரியும். 1908-ல் ஃபோர்டின் மலிவு விலைக் கார் வந்தது. 1912-ல் காடிலாக், கையால் சுற்றாமலே ஸ்டார்ட் ஆகும் காரைக் கொடுத்தது. பேட்டரிக் கார் மூலைக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தது எப்படி? 2012-ல் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 'மாடல் எஸ்' என்கிற செடானை விற்கத் தொடங்கியது. 2014 அக்டோபரில் அதிலேயே பி85டி என்று ஒரு ரகம். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். திரையில் மூன்று பட்டன்கள். நார்மல், ஸ்போர்ட், இன்சேன். மூன்றாவதற்குப் பைத்தியக்காரத்தனம் என்று பொருள்! அழுத்தினால் 3.2 விநாடியில் மணிக்கு 60 மைல்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது? எதுவும் இடம் மாறுவதில்லை. எலெக்ட்ரிக் காரில் நீங்கள் மிதிக்கிற பெடல் ஒரு கோரிக்கை மனு மட்டுமே. எவ்வளவு கரண்ட் விடலாம் என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். நார்மலில் சிக்கனமாக, இன்சேனில் தாராளமாக. பெட்ரோல் எஞ்சின் சுற்றி வேகமெடுத்த பிறகுதான் முழு இழுவிசையும் கிடைக்கும். மோட்டாரிலோ வண்டி நிற்கும்போதே அது தயார்.

அப்படியென்றால் இன்னும் தாராளமாக விடவேண்டியதுதானே? அங்கேதான் ஒரு வில்லன். நம் வீட்டில் அடிக்கடி போகுமே, அதே ஃப்யூஸ்! 1,300 ஆம்பியருக்கு மேல் விட அதனால் முடியவில்லை. 2015 ஜூலையில் எலெக்ட்ரானிக் மூளை வைத்த புது ஃப்யூஸ் போட்டார்கள். கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரை எஃகிலிருந்து, உச்ச வெப்பத்தையும் தாங்கும் இன்கோனல் உலோகத்துக்கு மாற்றினார்கள். 1,500 ஆம்பியர், 2.8 விநாடி. பட்டனுக்குப் பெயர் லூடிக்ரஸ். ஒரு காமெடிப் படத்திலிருந்து சுட்ட பெயர்.

இதற்கிடையில் ஒரு பஞ்சாயத்து கிளம்பியது. நான் படித்தது பி.காம். எனவே எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான்.

பி85டி-யை 691 குதிரைசக்தி என்று சொல்லி விற்றார்கள். முன் மோட்டார் 221, பின் மோட்டார் 470. கூட்டல் சரி. ஆனால் இரண்டுக்கும் சேர்த்துத் தீனி போடவேண்டிய பேட்டரியால் அவ்வளவு கொடுக்க முடியாது. பிற்பாடு நிறுவனமே வெளியிட்ட கணக்கு 463. கம்பெனிச் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் என்று ஒன்று உண்டு; உண்மையில் வசூலான மூலதனம் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவது என்று நம்பவைத்தால் என்ன ஆகும்? நார்வேயில் நூற்றுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் சண்டைக்குப் போனார்கள். நாங்கள் சொன்னது மோட்டாரின் திறனைத்தான் என்பது டெஸ்லாவின் வாதம். 2016-ல் அங்குள்ள நுகர்வோர் தகராறு அமைப்பு உரிமையாளர்கள் பக்கம் நின்றது. ஆண்டு முடிவதற்குள் கோர்ட்டுக்கு வெளியே சமரசம்.

கவனியுங்கள். 3.2 விநாடி பொய்யல்ல. மோட்டார்களின் திறனும் பொய்யல்ல. இரண்டு உண்மைகளுக்கு நடுவே வாங்குகிறவன் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

2021-ல் அதே மாடல் எஸ்ஸுக்கு மூன்று மோட்டார், 1,020 குதிரைசக்தி என்று அடுத்த எண் வந்தது. ஆனால் எலெக்ட்ரிக் காரில் எந்த எண்ணும் நிரந்தரமல்ல. பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் சக்தியும் இறங்கும். குளிர்ந்து கிடந்தாலும் இறங்கும், அளவுக்கு மீறிச் சூடானாலும் கம்ப்யூட்டர் கையைக் கட்டிவிடும்.

எனவே நாளைக்கு ஷோரூமில் யாராவது ஒரு பெரிய எண்ணைச் சொல்லி உங்களை அசத்தினால், அசந்துவிடாதீர்கள். எத்தனை விநாடிக்கு, எவ்வளவு சார்ஜ் இருக்கும்போது என்று கேளுங்கள். பதில் வந்தாலும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். திருப்தியடையாமல் இருப்பது ஜெனாட்ஸிக்கு மட்டும்தான் சொந்தமா என்ன?