ஒப்பாரிக் கோச்சியும் பிளாக் பட்டனும்

பிரேக்கப் ஆனதும் நாங்க முதலில் செய்வது பிளாக். இரவு ஒரு மணிக்கு அன்பிளாக் செய்து ஸ்டோரி பார்ப்பது அடுத்தது. 2015 நவம்பரில், பிரிந்தவரின் பதிவு கண்ணில் படுவதைக் குறைக்க பேஸ்புக்கே ஒரு வசதியைச் சோதித்துப் பார்த்தது.

கண்டித் தோட்டங்களில், எங்க பாட்டி தாத்தா காலத்தில், பிளாக் பண்ணியது அரசாங்கங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. ஒரே லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட், பக்கத்துக் காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. காதலிச்சவங்களை யார் கேட்டது? தலைமன்னார் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயரே 'ஒப்பாரிக் கோச்சி'.

ஸ்டேஷனில் எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. காதலுக்காக அழுதவளும் அந்தக் கூட்டத்துக்குள்ளே அழுதுகொள்ளலாம், யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. நாங்க சோகப் பாட்டை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, பார்த்தவர் பட்டியலில் ஒரே ஒரு பெயரைத் தேடுகிறோம்.