மருந்து வந்தது, கக்கூஸ் வரவில்லை: கொக்கிப்புழுவும் தேயிலை மலையும்

"வெறுங்காலோட போகாத." "கைய கழுவிட்டுச் சாப்பிடு." "ஆறு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து குடி." மலையகத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த மூன்றும் புதுசில்லை. அம்மா சொல்லியிருப்பாங்க, பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பாங்க, கிளினிக் சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பாங்க. நல்ல அறிவுரைகள்தான், கேட்க வேண்டியவைதான். ஆனா இவை நம்ம மலைக்கு எப்படி வந்து சேர்ந்தன, வரும்போது எதைப் பின்னால் விட்டுவிட்டு வந்தன என்று பார்த்தால் அது ஒரு நூறு வருசத்துக் கதை. அந்தக் கதை ஒரு புழுவில் தொடங்குகிறது.

தேயிலைச் செடியின் நிழலில்

கொக்கிப்புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். புழு உள்ளவரின் மலத்தோடு அதன் முட்டைகள் மண்ணில் விழும். மண் ஈரமாகவும் நிழலாகவும், ரொம்பக் குளிராமலும் இருந்தால் சில நாளில் முட்டை பொரித்துக் குஞ்சுப்புழு வெளியே வரும். அந்த மண்ணை வெறுங்காலில் மிதிக்கிறவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் கடைசியில் குடலில் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். வருசக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

இலங்கையில் அதிகம் காணப்பட்ட வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு உறிஞ்சுவது சுமார் 0.03 மில்லிலீட்டர் இரத்தம். ஒரு சொட்டுக்கும் குறைவு. ஆனால் ஒருவரின் குடலில் 200 புழு இருந்தால் மாசத்துக்கு 180 மில்லிலீட்டர். கிட்டத்தட்ட ஒரு கோப்பைத் தேத்தண்ணி அளவு இரத்தம், மாசா மாசம். உடம்பு வெளுக்கும், மூச்சு வாங்கும், மலை ஏற முடியாது. பிள்ளைத்தாய்ச்சி என்றால் வயித்துப் பிள்ளையும் சேர்ந்து மெலியும்.

மழை பெய்கிற மலை, அடர்த்தியான செடியின் நிழல், செருப்பில்லாத கால், கழிப்பறை இல்லாத லயம். கொக்கிப்புழுவுக்கு வேண்டிய எல்லாம் தோட்டத்தில் இருந்தன. நுவரெலியா மாதிரிக் குளிர் கூடிய உயரங்களில் இந்தப் புழுவுக்கு வாழ்வு கொஞ்சம் கஷ்டம். அங்கே கெட்ட தண்ணி, கழுவாத கை வழியாக வாய்க்குள் போகிற வட்டப்புழு அந்த வேலையைப் பார்த்தது.

சட்டம் எழுதியவர்களும் பேர் போட்டவர்களும்

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து நம்ம ஆட்கள் கோப்பிக் காலத்திலேயே வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். மலையகம் 200ஐ ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் நினைவுபடுத்தியது அந்தப் பாதையைத்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிரா. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைப்பேறு.

1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று பிரித்தானிய அரசு முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. 1912இல் வந்த சட்டம் இன்னும் விரிவானது. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, ஒரு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கவனிப்பது, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாசம் சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பது எல்லாம் தோட்டத்துத் துரையின் கடமை என்று அது சொன்னது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்களுக்குள் ஒரு முடிச்சு இருந்தது. நோயாளியின் நலத்துக்குப் பொறுப்பு அவரை வேலைக்கு வைத்திருக்கிற ஆள். பெரட்டுக்கு வராவிட்டால் பேர் போடாத அதே நிர்வாகம்தான் ஒருவர் உண்மையிலேயே நோயாளியா, வேலைக்குப் போகலாமா என்பதையும் தீர்மானித்தது. கிராமத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது அவருடைய உடம்புப் பிரச்சினை. தோட்டத்தில் அது கொழுந்துக் கணக்கில் விழுகிற ஓட்டை.

1916, மாத்தளை

அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே புழு இருந்தது. அங்கே வெறுங்காலோடு வயலில் நின்ற ஏழை வெள்ளையர்கள் சோர்ந்து கிடந்ததைப் பார்த்துச் சோம்பேறிகள் என்றார்கள். 1902இல் காரணம் கொக்கிப்புழு என்று தெரிந்தபோது பத்திரிகைகள் அதற்குச் "சோம்பல் கிருமி" என்றே பெயர் வைத்தன. எண்ணெய்க் கோடீஸ்வரர் ரொக்ஃபெல்லரின் பணத்தில் 1909இல் அங்கே ஒரு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. பிறகு ரொக்ஃபெல்லர் நிறுவனம் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. 1916இல் அது மாத்தளைப் பகுதித் தோட்டங்களுக்கு வந்தது.

பரிசோதித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் புழு இருந்தது. அதாவது ஏறக்குறைய எல்லாருக்கும்.

மருந்து ஆரம்பித்தது. முதலில் செனோபோடியம் என்ற செடியின் எண்ணெய், கூடவே பேதி மருந்து. குடிக்கவே முடியாத நாற்றம், குடித்தால் தலைசுற்றல், குமட்டல். 1920களில் கார்பன் டெட்ராகுளோரைட் வந்தது. பிற்காலத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட அதே திரவம்தான். வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். மருந்து வேலையும் செய்தது. புழு விழுந்தது, ஆட்களுக்குத் தெம்பு வந்தது. துரைமாருக்கும் இதில் சந்தோசம், ஏனென்றால் தெம்பான ஆள் கூடுதலாக வேலை செய்வார்.

ஆனால் இந்த இயக்கத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று மருந்து, மற்றது கழிப்பறை. மருந்து ஒரு நாள் செலவு, கழிப்பறை கட்டிடச் செலவு. லயத்துக்கு லயம் குழி வெட்டி, கூரை போட்டு, பராமரிக்க வேண்டும். அந்தக் காலை எடுத்து வைக்கத் தோட்டங்கள் தயங்கின. புழு விழுந்த ஆள் அடுத்த நாள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நின்றார். மறுபடி புழு ஏறியது, மறுபடி மருந்து வந்தது. இதைப் பற்றிச் சமூகவியலாளர் சோம ஹேவா 1995இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இதற்கெல்லாம் யாரைக் குற்றம் சொன்னார்கள் தெரியுமா? கூலிகளின் பழக்கவழக்கத்தை. சுத்தம் தெரியாதவர்கள், இந்தியாவிலிருந்து புழுவைக் கொண்டுவந்தவர்கள் என்று. கக்கூஸ் இல்லாத இடத்தில் கக்கூஸுக்குப் போகாதது எப்படிப் பழக்கக் குறை ஆகும் என்று அன்று கேட்க ஆளில்லை. சுகாதார அறிவுரை என்பது இப்படித்தான் நம்ம மலையில் முதன்முதலில் ஏறியது. வசதி செய்து தர வேண்டியவர், அதைச் செய்யாமல் புத்தி சொன்னார்.

களுத்துறைக்குப் போன பாடம்

ரொக்ஃபெல்லர் ஆட்கள் முட்டாள்கள் அல்ல. மருந்து மட்டும் கொடுத்தால் வட்டம் முடியாது என்பது அவர்களுக்கு விளங்கியது. ஒரு ஊருக்கு நிரந்தரமாக ஒரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகப் போகிற மருத்துவிச்சி, கிணற்றையும் கழிப்பறையையும் பார்க்கிற சுகாதாரப் பரிசோதகர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோதனை, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக். இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1926இல் அப்படியான முதலாவது சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. எங்கே? களுத்துறையில்.

இன்றைக்கு நம்ம ஊரில் எம்ஓஎச் கந்தோர் என்று சொல்கிறோமே, பிஎச்ஐ, மிட்வைஃப், கர்ப்பிணிக் கிளினிக், பிள்ளையின் நிறை குறிக்கிற அட்டை, இவற்றுக்கெல்லாம் மூத்த அக்கா அந்தக் களுத்துறைப் பிரிவுதான். அது நாடு முழுக்கப் பரவியது. தாய் சாவும் பிள்ளைச் சாவும் குறைந்தன. 1985இல் அதே ரொக்ஃபெல்லர் நிறுவனம், குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் தந்த இடங்கள் என்று உலகத்துக்கே நான்கு உதாரணங்களைக் காட்டியது. சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை.

கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. தோட்டத்து ஆட்களின் குடலில் இருந்து கற்ற பாடமும் சேர்ந்துதான் அந்த முறை பிறந்தது. ஆனால் அது தோட்டத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. கிராமத்து மிட்வைஃபின் பாதை தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றது. உள்ளே இருந்தது தோட்டத்து டிஸ்பென்சரி, அதில் தோட்டத்துச் சம்பளம் வாங்குகிற ஒரு டாக்டர் ஐயா. அவர்களில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள், இராத்திரியில் லாந்தரோடு லயத்துக்கு நடந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே இருந்தது சுகாதாரத் திணைக்களம் அல்ல, துரை.

1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே வருசம் குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசம் வாக்கும் போனது. வாக்கில்லாதவருக்குக் கிளினிக் கட்ட எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்காது. மற்ற ஊர்களில் சனங்கள் எம்பியிடம் போய் ஆஸ்பத்திரி கேட்ட அந்த முப்பது, நாற்பது வருசங்களில், கேட்கும் உரிமையே நமக்கு இல்லாமல் இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான்.

எழுபத்தாறு வருசத்துக்குப் பிறகு

1992இல் தோட்டத்துறை முழுவதும் பெண்களையும் சின்னப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். கொக்கிப்புழு, வட்டப்புழு, சாட்டைப்புழு என்று ஏதாவது ஒரு குடற்புழு இருந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். 1916ஐயும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மூன்று புழுவையும் சேர்த்த கணக்கு இது, உண்மைதான். ஆனாலும் எழுபத்தாறு வருசம்.

1994 முதல் 2005 வரை பிள்ளைகளுக்கு வருசத்துக்கு இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுத்தார்கள். நம்மில் பலர் வரிசையில் நின்று விழுங்கிய மாத்திரை அது. பிறகு 2009இல் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சோதித்தபோது 29 வீதமானவர்களுக்குப் புழு இருந்தது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. ஆனால் மருந்து நிறுத்தி நாலு வருசத்தில் பத்தில் மூன்று பிள்ளைக்குப் புழு என்றால், மண்ணும் தண்ணியும் இன்னும் மாறவில்லை என்று அர்த்தம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம்.

நல்லதும் நடந்திருக்கிறது. மிட்வைஃப் இப்ப லயத்துக்கு வாறாங்க, திரிபோஷ கிடைக்குது. 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புது ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி நோய் வந்த பிறகு போகிற இடம். 1926இல் கண்ட பாடம் நோய்க்கு முந்தின இடத்தைப் பற்றியது: வீடு, தண்ணி, கழிப்பறை, சாப்பாடு.

அறிவுரையோடு சேர்த்துக் கேட்க வேண்டியது

இதையெல்லாம் படித்துவிட்டு அறிவுரைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. செருப்புப் போடுங்க. பூச்சி மருந்து குடிங்க. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், அதைத் தேத்தண்ணியோடு விழுங்க விடாதீங்க. தேத்தண்ணியில் உள்ள தனின் இரும்பை உடம்பு எடுக்க விடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட்டால் நல்லது. கொய்யாப்பழம், நெல்லிக்காய், கீரையில் பிழிந்த தேசிக்காய் இரும்பைச் சேர்க்க உதவும். இரத்தம் குறைந்தவர் சோம்பேறி இல்லை என்பதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைங்க.

ஆனா ஒவ்வொரு அறிவுரைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியையும் வைக்கப் பழகுவோம். இதைச் செய்ய வேண்டிய வசதி எங்கே இருக்கு, அதைத் தர வேண்டியவர் யார்? "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்கிறார்கள். காலையில் கூடையோடு மலைக்கு ஏறுகிற பெண்ணுக்கு அங்கே போக ஒரு கக்கூஸ் இல்லை. அதனால் அவங்க தண்ணி குடிப்பதையே குறைச்சுக்கிறாங்க. அவங்களுக்குத் தண்ணியின் அருமை தெரியாமல் இல்லை. "சத்தான சாப்பாடு சாப்பிடுங்க" என்கிறார்கள். ரொட்டியும் சம்பலும் அவங்க ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியல் இல்லை, அன்றைய சம்பளம் தேர்ந்தெடுத்தது.

கல்லூரியில், கம்பஸில், இளைஞர் சங்கத்தில் இருக்கிற நாம சுகாதார முகாம் நடத்துகிறோம், துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். அடுத்த தடவை போகும்போது கூடவே ஒரு கொப்பியும் கொண்டு போகலாம். எந்த லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கக்கூஸ், பீலித் தண்ணி எங்கிருந்து வருது, கொழுந்து எடுக்கிற மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இருக்கா என்று எழுதி, எம்ஓஎச் கந்தோருக்கும் பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கலாம். நம்ம பாட்டன் பூட்டனுக்குக் கையில் வாக்கு இருக்கவில்லை. நமக்கு இருக்கு.