லடாக்: ஏப்ரலில் வேண்டும் நீர்

லடாக்கில் வாற்கோதுமை விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்கிறது. உயரத்துப் பனியாறுகளோ ஜூனில்தான் உருகிப் பெருகுகின்றன. லே நகரின் ஆண்டு மழைப்பொழிவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. எனவே மழையை நம்பியும் விதைக்க இயலாது.

இந்த இடைவெளியே சிந்துப் படுகையின் மலையூர்களில் நீர்முறைகளை வகுத்தது. உருகுநீரை 'யூரா' எனும் வாய்க்கால் கொணர்ந்தது. 'சிங்' எனும் குளம் தேக்கியது. முறைவைத்துப் பங்கிட்டவர் 'சுர்போன்'. லடாக்கி மொழியில் 'சு' என்பது நீர். சுர்போன் என்றால் நீருக்குத் தலைவர். நீர்ப்பங்கீடு ஒரு பதவியாகவே நிலைபெற்றிருந்ததற்கு அச்சொல்லே சான்று.

பங்கீடு தட்டுப்பாட்டைத் தணித்ததேயன்றி, நீரை முன்னதாக வரவழைக்கவில்லை. 1980களில் பொறியாளர் செவாங் நோர்பெல் அதற்கு வழி கண்டார். குளிர்காலத்தில் பயன்படாது ஓடிய நீரைத் திருப்பி, ஊருக்கு அருகே நிழல்படிந்த சரிவுகளில் உறையவைத்தார். தாழ்ந்த இடத்துப் பனி முந்தி உருகியதால் விதைப்புக்கு நீர் கிடைத்தது. 2013 முதல் சோனம் வாங்சுக் அதே கருத்தைக் கூம்பு வடிவப் பனித்தூபிகளாக வளர்த்தார்.

இம்முயற்சிகள் மாற்றியது நீர் வரும் மாதத்தை மட்டுமே. நீரின் அளவை அன்று. மேலுள்ள பனியாறு சுருங்கிக்கொண்டே போனால், உறையவைக்க ஓடையில் நீர் இராது.