சாவா மூவாப் பேராடு



சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கப் புகும் எவரும் சில நாட்களிலேயே ஒரு தொடரைச் சந்தித்தே தீருவர். அத்தொடர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதாகும். வகுப்பறையில் இதைச் சொன்ன அளவில் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சாகாத ஆடு உண்டோ? மூப்படையாத ஆடுதான் உண்டோ? ஆயினும் நம் முன்னோர் இச்சொற்களை விளையாட்டுக்காகக் கல்லில் வெட்டவில்லை. கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு ஒன்றுக்கு நெய் வேண்டும். அந்நெய்க்காக ஒருவர் 90 ஆடுகளையோ 96 ஆடுகளையோ கோயிலுக்கு வழங்குவார். கோயிலார் அவற்றை மன்றாடி எனப்படும் இடையனிடம் ஒப்புவிப்பர். அவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஓர் ஆடு செத்தால் அதன் இடத்தில் ஒரு குட்டி நிற்கும். ஒன்று கிழடானால் இளையது ஒன்று அதற்கு ஈடாகும். ஆடுகள் மாளும், ஆட்டின் எண்ணிக்கை மாளாது. அதுவே சாவா மூவா என்பதன் பொருள். இக்காலத்து வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடுகிறோம் அல்லவா? அதே ஏற்பாடுதான். அங்கே முதல் நான்கு கால்களால் நடந்தது. வட்டி நெய்யாக உருகியது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், கி.பி. 1010ஐ ஒட்டிய ஆண்டுகளில், முதலாம் இராசராசன் இவ்வேற்பாட்டைப் பெரிய அளவில் நடத்தினான். அங்கே விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு வைத்திருந்தார்கள். இவ்வெண்களைச் சற்று வகுத்துப் பாருங்கள். ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம். ஓர் எருமை மூன்று பசுவுக்கும் ஆறு ஆட்டுக்கும் சமம். எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி என்பதை நாம் இன்று சோதனைச்சாலையில் அளந்து சொல்கிறோம். சோழர் காலத்துக் கணக்கர் அதை உழக்கால் அளந்தே கண்டிருந்தார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். கல்வெட்டு ‘ஆடு’ என்று மட்டும் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர் அதைச் செம்மறி என்று கொண்டனர். நம் மொழியிலோ செம்மறியும் ஆடுதான், வெள்ளாடும் ஆடுதான். ஊரில் பால் கறக்கப்படுவது பெரும்பாலும் வெள்ளாடே ஆதலின், நான் அதைக் கொண்டே மேலே பேசுகிறேன்.

எதைப் பற்றி என்று கேட்பீர்களாயின், கறப்பதைப் பற்றி! வரலாற்றுப் பேச்சில் பால் கறப்பதற்கு என்ன வேலை என்று முகம் சுளிக்க வேண்டா. 96 என்னும் எண்ணை மனப்பாடம் செய்துவிடலாம். அது சிறிய எண்ணா, பெரிய எண்ணா, அதற்குப் பின்னே எவ்வளவு உழைப்பு நின்றது என்பதை அறிய வேண்டுமானால் ஓர் ஆட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாக வேண்டும். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட எங்கள் மேல்சித்தாமூரில் வீட்டுக்கு இரண்டு மூன்று வெள்ளாடு கட்டியிருப்பது புதுமையன்று. ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த பொழுதில், அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் என் பேரனுக்குக் கறக்கக் கற்பித்ததைப் பல நாள் அருகிருந்து பார்த்தேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்று நாங்கள் ஏட்டில் படித்த முறையை அந்த அம்மையார் ஏடறியாமலே கையாண்டார். முதல் இரண்டு நாள் பையனைக் கறக்கவே விடவில்லை. ஆட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கவும், கழுத்தைத் தடவவும், மடியைத் தொட்டுப் பழக்கவுமே சொன்னார்.

இதற்குத் தக்க காரணம் உண்டு. பால் மடியில் இருந்தாலும் ஆடு இசைந்தாலன்றி அது இறங்காது. குட்டி ஊட்டும்போது மடியைத் தலையால் முட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அம்முட்டலின் உணர்வு நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. அங்கிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலந்து மடியை அடைகிறது. அப்போதுதான் நுண்ணிய பாற்பைகள் சுருங்கிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. ஆடு அஞ்சினால் அச்சத்தின் சுரப்பு இதைத் தடுத்துவிடும். ‘ஆடு பாலை ஒளித்துக்கொண்டது’ என்று ஊரார் சொல்வது இதைத்தான். ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே ஆள் கறப்பது நலம். புதுக் கை என்றால் தவிடும் புண்ணாக்கும் முன்னே வைத்து, ஆட்டின் கவனத்தை அதில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பசுவுக்குக் காம்பு நான்கு, ஆட்டுக்கு இரண்டு. மடியை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திய பிறகு, குட்டி முட்டுவது போலவே உள்ளங்கையால் மடியை இரண்டொரு முறை மெல்ல மேல்நோக்கித் தட்டுவர். பின்பு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் காம்பின் அடியில், அதாவது மடியோடு சேரும் இடத்தில், வளையம் போல் மூடுவர். உள்ளே வந்த பால் மேலே திரும்பிப் போகாதபடி காக்கும் கதவு அந்த வளையம். அதன்பின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் பால் பீறிடும். வளையத்தைத் திறந்தால் காம்பு மறுபடி நிரம்பும். சிற்றாடுகளுக்குக் காம்பு குட்டையாதலால் ஐந்து விரலும் கொள்ளாது. கட்டைவிரலோடு இரண்டு விரலே போதும். முதலில் வரும் இரண்டு மூன்று பீச்சல்களைத் தனியே ஒரு கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பார்கள். அதில் திரியோ குருதியோ கண்டால் மடிநோய் என்று அறிந்து அந்தப் பாலை ஒதுக்கிவிட வேண்டும்.

பையன் செய்தது என்ன? காம்பைக் கயிறு போலக் கீழே இழுத்தான். ஆடு உதைத்தது, செம்பு உருண்டது. “தம்பி, இழுக்காதப்பா, அமுக்கு. இழுத்தா அதுக்கு நோவும்” என்றார் அந்த அம்மையார். கற்கப் புகுவோர் அனைவரும் இழுக்கவே செய்கின்றனர். காரணம், தூரத்திலிருந்து பார்க்கும்போது கறப்பவரின் கை கீழே போவது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது, விரல்கள் வரிசையாக மூடுவது தெரிவதில்லை. நான்காம் நாள் முன்கை கடுத்து, விரல் மடங்காமல், எழுதுகோலைப் பிடிக்கவே இயலவில்லை என்று பேரன் முறையிட்டான். பத்தாம் நாள் செம்பில் நுரை எழும்பியது. ஓர் ஆட்டுக்கே இப்பாடு. இனி மன்றாடியை நினையுங்கள்.

அவனுக்கு 96 ஆடுகள். அவற்றுள் கிடாவும் உண்டு, குட்டியும் உண்டு, சினையும் உண்டு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். எனவே எந்த ஒரு நாளிலும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 32 ஆடுகள் கறவையில் இருந்தன என்று கொள்வோம். நம் பக்கத்து ஆடுகள் பாலுக்குப் பெயர் போனவை அல்ல. வடநாட்டுச் சமுனாபாரி ஒன்றரை லிட்டருக்கு மேலும் கறக்கும். நம் கன்னி ஆடும், கொடி ஆடும், சேலம் கருப்பும் இறைச்சிக்கே வளர்க்கப்படுபவை. குட்டிக்கு விட்டது போக ஆட்டுக்கு 200 மில்லி லிட்டர் கிடைத்தது என்றால் மொத்தம் 6.4 லிட்டர். ஆட்டுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு அளவாதலால் அதிலிருந்து எடுக்கக்கூடிய நெய் ஏறக்குறைய 250 கிராம். நாழியில் கால் பங்காகிய உழக்கு, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பச் சிறிது கூடியும் குறைந்தும் வழங்கினாலும், கால் லிட்டரைச் சுற்றியே நிற்பது. ஊகத்தின் மேல் எழுப்பிய இக்கணக்கு என்னுடையதே, கல்வெட்டில் உள்ளதன்று. எனினும் 96 என்பது யாரோ கைக்கு வந்தபடி எழுதிய எண் அன்று என்பதை இது காட்டுகிறது. மந்தையை நன்கறிந்த ஒருவர் வறட்சிக்கும் சினைக்கும் சாவுக்கும் இடம் விட்டு வகுத்த எண் அது.

கறந்தால் மட்டும் போதாது. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் மிக நுண்ணியவை. பசும்பாலில் போல ஏடு எளிதில் மேலே மிதந்து வாராது. பாலை உறையிட்டுத் தயிராக்கி, மத்தால் கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்குவது நம் நாட்டு முறையாதலின் அது ஒரு தடையாகவில்லை. உருக்கிய நெய்யும் பசுநெய்யைப் போல மஞ்சளாக இராது, வெளுத்திருக்கும். கறத்தல் ஆடவர் வேலையாயினும், கடைதலும் விற்றலும் பெண்டிர் கையில் இருந்தன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்றுக் குடும்பத்துக்கு உணவு கொள்ளும் அவள், நெய் விற்ற விலைக்குப் பொன்னை ஏற்பதில்லை. எருமையும் பசுவுமாகவே வாங்குகிறாள். பொன் குட்டி போடாது என்று அவளுக்குத் தெரியும்! சாவா மூவா என்னும் கருத்தின் விதையை அங்கேயே காணலாம்.

விளக்கு எரித்தல் சைவ வைணவக் கோயில்களுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் ஊர் தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் அமைந்த இடம். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட மலைநாதர் கோயிலும், பெரிய பார்சுவநாதர் கோயிலும் இங்குள்ளன. போளூரை அடுத்த திருமலையில் குந்தவை பெயரால் அமைந்த சமணக் கோயிலுக்கு, முதலாம் இராசேந்திரனின் 12ஆம் ஆட்சியாண்டில் சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி நந்தாவிளக்குக்காக 20 காசும் திருவமுதுக்காக 10 காசும் கொடுத்தாள். அங்கே முதல் ஆடாக நில்லாமல் காசாக நின்றது.

சமண இல்லங்களில் இன்னோர் ஒழுக்கம் உண்டு. கறந்த பாலை இரண்டு நாழிகைக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், வடிகட்டிக் காய்ச்சிவிட வேண்டும் என்பது அது. உயிர்களுக்கு ஊறு நேரலாகாது என்னும் கருத்தில் எழுந்த விதி. அதன் உடல்நலப் பயனை அறிய நாம் மத்தியதரைக் கடலில் உள்ள மால்டாத் தீவுக்குச் செல்ல வேண்டும். அத்தீவில் இடையர் ஆட்டை வீட்டு வாயிலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பது வழக்கம். இதைவிடத் தூய பால் ஏது என்று எல்லோரும் நம்பினர். ஆயினும் அங்கிருந்த ஆங்கிலப் படையினர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் வாடினர். 1887இல் டேவிட் புரூசு என்னும் படை மருத்துவர் அந்நோயின் கிருமியைக் கண்டார். அது எவ்வழி வருகிறது என்பது மேலும் 18 ஆண்டு விளங்கவில்லை. 1905இல் அத்தீவினரான தெமிசுடோக்ளீசு சம்மிட் என்பவர் ஆடுகளின் குருதியைச் சோதித்தார். நோய்க்குறி சிறிதும் இன்றிக் கொழுத்துத் திரிந்த ஆடுகளிலேயே அக்கிருமி குடியிருந்தது! 1906இல் படையினருக்குப் பச்சை ஆட்டுப்பால் தடை செய்யப்பட்டது. காய்ச்சலும் அவர்களிடையே மளமளவென்று குறைந்தது. இன்றும் நம் ஊர்களில் மருந்து என்று எண்ணி ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடிப்போர் உளர். காய்ச்சாமல் குடிக்க வேண்டா என்று அவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்லலாம். மால்டாவையும் சொல்லலாம், அண்டை வீட்டுச் சமண வழக்கத்தையும் சொல்லலாம்.

ஆட்டுப்பால் என்றதும் உங்களுக்குக் காந்தியடிகள் நினைவு வந்திருக்கும். பசுவையும் எருமையையும் கடைசிச் சொட்டு வரை வருத்திக் கறக்கும் கொடுமையை எண்ணி, 1912இல் தென்னாப்பிரிக்காவில் டால்சுடாய் பண்ணையில் அவர் பாலையே விட்டார். 1918இல் வயிற்றுக்கடுப்பு நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்த காலத்தில், பால் இன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். விரதம் எடுத்தபோது பசுவையும் எருமையையும் தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கத்தூரிபாய் அம்மையார் கேட்டார். காந்தியடிகள் இசைந்தார். ஆனால் விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தி எழுதினார். அவ்வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது. வருத்திக் கறந்தால் ஆடும் பசுவும் ஒன்றுதான். ஒரு காம்பு நமக்கு, ஒரு காம்பு குட்டிக்கு என்று விட்டுக் கறப்பவரிடத்தில் அக்கேள்விக்கு ஓரளவு விடை உண்டு.

மறுபடியும் தஞ்சைக்கு வருவோம். அடுத்த முறை பெருவுடையார் கோயிலுக்குச் சுற்றுலா செல்லும்போது விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோயிலின் கல்வெட்டுகளிடையே, விளக்குக்காக ஆடும் மாடும் பெற்றுக்கொண்ட இடையர்களின் நீண்ட பட்டியல்கள் உள்ளன. எந்த ஊரான், யார் பெயரான், எத்தனை உருப்படி பெற்றான், அவன் தவறினால் நெய்க்குப் பிணை நிற்கும் உறவினர் யார் என்று ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். கொடுத்த அரசனும் அதிகாரியும் கல்லில் இருப்பது போலவே, விடியுமுன் எழுந்து கறந்தவனும் தன் பெயரோடும் ஊரோடும் அதே கல்லில் இருக்கிறான்.